வாங்கிக்கொள்ள ஆளில்லாத பிழை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். நம் சிஸ்டத்தில் வேலை செய்கிறவர்களின் இணையப் பொதுக் குழுவில் எழுதவும் மனமில்லை. அங்கே நாம் காட்டிய வேடிக்கை போதும்.

சிஸ்டத்துக்கு நான் அனுப்பிய திருத்தத்தை, அந்தப் பேட்சை, நீ சேர்க்க மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. டிஸ்க் பகுதிக்கு நீதான் பொறுப்பு. டிஸ்கில் எழுத முடியாமல் போனால் மெஷின் மொத்தமாக நின்றுவிட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். "வேண்டாம், எழுதச் சொன்ன புரோகிராமிடம் பிழையைத் திருப்பிச் சொன்னால் போதும், மேற்கொண்டு என்ன செய்வதென்று அது முடிவு செய்யட்டும்" என்று நீ பதில் போட்டிருந்தால் வாதாடியிருப்பேன். இந்த வாதம் நமக்குப் புதிதா? இந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நாம் இரண்டு பேர் மட்டும் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே இதைப் பேசிப் பேசித் தட்டில் சோறு காய்ந்திருக்கிறது.

ஆனால் நீ எழுதியது வேறு. "யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வழி இது. எங்கள் அக்கா ஒருத்தி இருக்கிறாள், பால் பொங்கினால்கூட மெயின் சுவிட்சை அணைப்பாள். அவள்தான் இந்தப் பேட்சையும் அனுப்பியிருக்கிறாள்."

அங்கே என்னைக் 'கொக்கி' என்ற பெயரில் மட்டுமே தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். கொக்கியின் பேச்சுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. இப்போது நான் உன் அக்கா, பால் பொங்கினால் பதறுகிறவள். நேற்று ஒருவர் என் வேறொரு பேட்சுக்குக் கீழே பால் பாத்திரத்தின் படம் போட்டிருக்கிறார்.

மெமரி பகுதியின் பொறுப்பிலிருந்து கொஞ்ச காலம் விலகுகிறேன் என்று இன்று காலை எழுதிவிட்டேன். நீ பார்த்திருப்பாய்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

பார்த்தேன். பார்த்ததிலிருந்து உருப்படியாக ஒரு வேலையும் ஓடவில்லை.

பால் விஷயம் தப்பு. படம் போட்ட ஆளிடம் நாலு வார்த்தை கேட்டேன், எடுத்துவிட்டான். நான் எழுதியதை எடுக்க முடியாது, எடுத்தால் இன்னும் அசிங்கம். அதன் கீழேயே மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீ இப்போதெல்லாம் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதால் இங்கேயும் கேட்கிறேன். மன்னித்துவிடு.

ஆனால் பேட்சை மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஏனென்று சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று எனக்கு வீட்டில் உத்தரவு.

உன் தம்பி பெண்டாட்டி வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறாள் இல்லையா, ஆஸ்பத்திரிகளுக்கு? டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி, நடுவில் இவள் கம்ப்யூட்டரில். போன மாதம் பிரசவ அறையிலிருந்து அழைப்பு. அந்தப் பெண்ணுக்கு டாக்டர் பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியாது. இவள் குரல் ஒன்றுதான் பிடிமானம். பாதியில் இவளுடைய திரை கறுப்பாகிவிட்டது. ஹெட்போனை இயக்குகிற டிரைவர் புரோகிராமில் ஒரு சில்லறைத் தப்பு. மெமரி பகுதியில் போன வருடம் நீ வைத்த விதி இருக்கிறதே, 'சந்தேகம் என்றால் நிறுத்து', அது மெஷினையே நிறுத்திவிட்டது.

மெஷின் திரும்ப எழுந்து வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் குழந்தையும் நலம். ஆனால் இவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "அந்தப் பொண்ணு என்னை 'இருக்கீங்களா, இருக்கீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். நர்ஸ் சொன்னாங்க" என்றாள். அப்புறம், "அண்ணிகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படும்" என்றாள்.

அந்தக் கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் உன் பேட்ச் வந்தது, அதே விதியை டிஸ்குக்கும் கொண்டுவர. காரணம் என்ன என்று பார்த்தால் ஒரே வரி: 'தெரியாதபோது நிற்பது மேல்.' காரணம் எழுதாத பேட்சை யார் அனுப்பினாலும் படிக்காமலே திருப்பலாம் என்று சட்டம் போட்டது யார், கொக்கியே?

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்தேன்.

முதலில் அவளிடம் சொல். அண்ணி மனசு கஷ்டப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். அடுத்த முறை அவளே எனக்குப் போன் செய்து, "அண்ணி, உங்க விதியால என் வேலை போகப் பார்த்துச்சு" என்று சண்டை போட வேண்டும். 'இருக்கீங்களா' என்று அந்தப் பெண் கேட்டதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. ஹெட்போன் டிரைவர் தப்பு செய்தால் ஹெட்போனை மட்டும் துண்டித்தால் போதும். நான் அப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதைத் திருத்துகிறேன்.

டிஸ்க் விஷயத்தில் காரணம் இருக்கிறது. எழுத முடியாததால்தான் எழுதவில்லை. கேட்காதே.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

கேட்கத்தான் போகிறேன்.

ஊரில் இருக்கிற பிழையையெல்லாம் நடு வீதியில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள் நீ. நீ ஒன்றைச் சொல்லாமல் முழுங்குகிறாய் என்றால் அது உன் சம்பந்தப்பட்டதாக இருக்காது. உன் தப்பு என்றால் நீ இந்நேரம் தண்டோரா போட்டிருப்பாய்.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் நம் சிஸ்டம்தான் ஓடுகிறது. அங்கே ஏதோ நடந்திருக்கிறது. டிஸ்கில் நடந்திருக்கிறது. டிஸ்க் என்றால் நான்.

சொல்லிவிடு. நான் கண்ணாடிச் சாமான் இல்லை.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

சரி. சொல்கிறேன். உட்கார்ந்து படி. பக்கத்தில் அவள் இருக்கும்போது படி.

அக்டோபரில் எங்கள் லேபில் ரத்தப் பரிசோதனை மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டரின் டிஸ்க் பழுதாகத் தொடங்கியது. அது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒரு பெண்மணி சாதாரண உடல் பரிசோதனைக்கு வந்தார். பஸ் ஓட்டுகிறவர். வேலையில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் எடுத்துத் தர வேண்டிய பரிசோதனை அது. அவருடைய முடிவு டிஸ்கில் எழுதப்படவே இல்லை. அந்த இடத்தில் பழைய முடிவு ஒன்று அப்படியே இருந்தது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த வேறொருவருடையது. அந்த எண்களோடும் இவர் பெயரோடும் அறிக்கை வந்தது.

டாக்டர் அவரை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்கு நாள் கிடைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது மயங்கி விழுந்தால் என்னாவது என்ற பயம். பெண் குழந்தையைத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். இப்போதிருந்தே அங்கே பழகட்டும் என்று. அந்தக் குழந்தை, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டதாம்.

மறுபரிசோதனையில் ஒன்றுமில்லை. லேப் டாக்டர் 'மெஷின் கோளாறு' என்றார். அவரோடு நானும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கண்டுபிடித்தேன். நம் சிஸ்டத்தின் எந்த வரிகள் என்று தெரிந்தது. அந்த வரிகளை எழுதியவர் யார் என்று பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். அந்த வரிகளையும் அன்றைய லேப் பதிவையும் இதோடு வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நீ தள்ளிவிட்டு ஒரு பையனுக்குக் கை முறிந்தது ஞாபகம் இருக்கிறதா? அவன் கட்டுப் பிரிக்கும்வரை நீயும் வலது கையால் சாப்பிடவில்லை. இடது கையால் எல்லாவற்றையும் சட்டையில் கொட்டிக்கொண்டு, கேட்டால் பதிலும் சொல்லாமல் இருந்தாய். அப்படிப்பட்ட ஆளிடம் போய் நான் இதை எப்படிச் சொல்வேன்? பேட்ச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டால் இனிமேல் இப்படி நடக்காது, உனக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா


மார்ச் 10

தம்பி,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அவளைக் கூப்பிட்டேன். "ரூம்லயே உட்கார்ந்திருக்காரு அண்ணி. கூப்பிட்டா வர்றாரு, ரெண்டு வாய் சாப்பிடுறாரு, திரும்பப் போயிடுறாரு" என்கிறாள்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. வெறும் காகிதத்தை உறையில் போட்டு அனுப்பினாலும் சரி.

அக்கா


மார்ச் 16

அக்கா,

கோபம்தான். எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் இத்தனை நாள் ஆகிவிட்டது.

நீ அனுப்பியதை எடுத்துப் படித்தேன். டிஸ்கில் எழுத முடியவில்லை என்றதும் என் கோட் பிழையைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. லேப் புரோகிராம் அதைக் கவனிக்காமல் மேலே போயிருக்கிறது. நான் கொடுத்தேன், அவர்கள் கைநீட்டி வாங்கவில்லை. இதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என் தப்பு இல்லை என்று எழுந்து போய் நன்றாகச் சாப்பிட்டேன். அன்று ஒரு வேளை.

அப்புறம் அடுத்த வரியைப் பார்த்தேன். லேப் புரோகிராம் கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் முறை கேட்டிருக்கிறது: 'எல்லாம் எழுதியாயிற்றா?' அதற்கு என் கோட் 'ஆயிற்று' என்று சொல்லியிருக்கிறது. ஏனென்றால் ஒரு தடவை பிழையைச் சொன்னதும் என் கடமை முடிந்தது என்று, பிழை இருந்த அடையாளத்தையே துடைத்துவிடும்படி நான் எழுதி வைத்திருக்கிறேன். கேட்காதவன் காதில் ஒரு முறை சொல்லிவிட்டு, கேட்டவனிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

இதைப் பொதுக் குழுவில் எழுதிவிட்டேன். யாருக்கு என்ன நேர்ந்தது என்று அடையாளம் தெரியும்படி எதுவும் எழுதவில்லை. ஒருவருக்கு ஒரு வாரம் மரணபயம் கொடுத்த வரிகள் இவை, எழுதியவன் நான், கொக்கியின் பேட்சைக் கிண்டல் செய்தவனும் நான், அவ்வளவுதான் எழுதினேன். நீ என்னைக் காப்பாற்ற நினைத்ததைப் பற்றி எழுதவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

இனி என் கோபம். வருடக்கணக்காக எல்லோரிடமும் என்ன சொல்லிச் சண்டை போடுகிறாய்? பிழையை மறைக்காதே, யார் மனம் நோகும் என்று பார்க்காதே, உடனே சொல். என்னிடம் வந்ததும் அது எங்கே போயிற்று? அக்டோபரிலிருந்து என் கோட் எத்தனை மெஷின்களில் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்ததோ. நான் இடது கையால் சாப்பிட்டிருப்பேன், சரி. அதற்கு மேல் என்ன? சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திருத்தியிருப்பேன்.

உன்மேல் இவ்வளவு கோபப்பட்டுக்கொண்டே, நீ மட்டும் தனியாக அந்த வரிகளைப் பார்த்துவிட்டுத் திரையை மூடிய நேரத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாய்? சொல்வதற்கு இருந்த ஒரே ஆள் நான்.

பஸ் ஓட்டுகிற அந்த அம்மாவுக்கு நான் எழுதலாமா? அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நீ சொன்னது சரி. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் குழந்தையின் சைக்கிள் நின்றிருந்தது. குழந்தை திரும்பி வந்துவிட்டாள், ஆனால் அம்மா குப்பை கொட்டக் கீழே போனாலும் கூடவே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன், அந்தத் தப்பு எங்கே நடந்தது என்று.

"நீங்க எழுதினதா அது?" என்று கேட்டார்.

"என் தம்பி எழுதினது. உங்களுக்கு எழுதலாமான்னு கேட்கிறான்."

குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "அவருக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"இல்ல. இப்பத்தான் தெரியும்."

"சாப்பிடுறாரா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"கோபம் இல்லைன்னு சொல்லமாட்டேன்" என்றார். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. தெரியலைன்னு சொல்லியிருந்தா இன்னொரு ஊசி குத்திக்கிட்டுப் போயிருப்பேன். தெரிஞ்ச மாதிரி ஏன் சொல்லுச்சு? எழுதச் சொல்லுங்க. படிக்கிறேன். பதில் போடுவேனான்னு தெரியாது."

அவருடைய பழைய ரூட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நடந்தது இன்னதென்று லேப் டாக்டரிடம் எழுதி வாங்கி, டிப்போவில் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம் என்றார்கள்.

என் பேட்சை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மெஷின் மொத்தமும் நின்றுவிட வேண்டும் என்று அடம் பிடித்தேன் அல்லவா? அதே கம்ப்யூட்டரில்தான் அவசர சிகிச்சைப் பிரிவின் முடிவுகளும் வருகின்றன. அது வேறு டிஸ்க், நல்ல டிஸ்க். என் விதி இருந்திருந்தால் அவர்களுக்கும் அன்று ஒன்றும் வந்திருக்காது. உன் வீட்டில் நடந்ததை நீ எழுதியிராவிட்டால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

எனவே இப்படிச் செய்யலாமா: பழுதான டிஸ்க் அதற்குமேல் எதையும் எழுத ஏற்கக் கூடாது. அந்தப் பிழையை, யாராவது ஒருவர் 'பார்த்துவிட்டேன்' என்று சொல்லும்வரை, கேட்கிற எல்லோரிடமும் எத்தனை முறை கேட்டாலும் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஓடட்டும்.

எழுதுவது நீயே எழுது. உன் பகுதி.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

எழுதிவிட்டேன். இரண்டு வாரம் குழுவில் என்னை வறுத்தெடுத்தார்கள். ஒருவர் இதனால் எல்லாம் மெதுவாகிவிடும் என்றார். இன்னொருவர், பிழையை வாங்கிக்கொள்ளாத புரோகிராமுக்காக நாம் ஏன் மாரடிக்க வேண்டும் என்றார். அதே கேள்வியை நானே போன வருடம் உன்னிடம் கேட்டிருக்கிறேன், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். அதனால் அவரைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. பொறுமையாக மூன்று தடவை விளக்கினேன். மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டார். பிழை திரும்பி வந்தும் கவனிக்காமல் போகிற புரோகிராமை எழுதும்போதே எச்சரிக்கிற வழியையும் அவரே எழுதித் தந்தார்.

ஒரு ரகசியம். பேட்சைச் சேர்க்கும் முன் உன் தம்பி பெண்டாட்டி சோதித்துப் பார்த்தாள். அவள் பாட்டுக்கு ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் டிஸ்கின் ஒயரைப் பிடுங்கினேன். பேச்சு நிற்கவில்லை. நாலு தடவை பிடுங்கினேன். ஐந்தாவது தடவைக்குப் போனபோது, "போதும், டிஸ்க் சாகலைன்னாலும் மேஜை செத்துடும்" என்றாள்.

அந்த அம்மாவுக்கு எழுதினேன். ஒரு பக்கம்தான். என்ன நடந்தது, யாரால் நடந்தது, என்ன திருத்தினோம். வேறு எதையும் சேர்க்கவில்லை. பதில் வந்தது. ஒரே வரி: 'புது ரூட் கொடுத்திருக்கிறார்கள், சிக்னல் அதிகம், பாப்பா ஸ்கூலுக்குத் தனியாகப் போகிறாள்.' இதில் மன்னிப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று இவள் சொல்கிறாள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சிக்னல் அதிகம் என்று என்னிடம் சொல்லத் தோன்றியிருக்கிறதே.

மெமரி பகுதிக்கு இன்னும் யாரையும் போடவில்லை. மூன்று பேர் கேட்டார்கள். இடம் காலியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். உண்மையாக்கிவிடு.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

மெமரி பகுதிக்குத் திரும்புகிறேன் என்று குழுவில் திங்கட்கிழமையே எழுதிவிட்டேன். நீ அதற்குப் போட்ட ஒற்றைச் சொல் பதிலையும் பார்த்தேன். 'வா' என்பதை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லத்தான் இது. புதுப் பதிப்பை லேபில் போட்டுக் கொஞ்ச நாள் ஆகிறது. இன்றைக்கு ஒரு டிஸ்க் மக்கர் செய்தது. திரையில் உடனே வந்தது: 'இந்த முடிவு பதிவாகவில்லை. மீண்டும் எடுக்கவும்.' நர்ஸ் அறிக்கை கேட்டு அழுத்திப் பார்த்தாள், மறுபடி அழுத்திப் பார்த்தாள், அந்த வரி அசையவில்லை. அதே கம்ப்யூட்டரில், மற்ற டிஸ்கிலிருந்து, அவசரப் பிரிவின் முடிவுகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. அவள் வெளியே காத்திருந்த தையல்காரர் ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு முறை ரத்தம் எடுத்தாள்.

அந்த மனிதர் நேராக என் அறைக்கு வந்துவிட்டார். கையில் பஞ்சு, கழுத்தில் அளவு நாடா, கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார்.

"கம்ப்யூட்டர்னு பேரு. ஒரு ஆளோட ரத்தத்தை ஞாபகம் வெச்சுக்கத் துப்பில்லையா? என் கடையில பையன்கிட்ட ஒரு அளவு சொன்னா சாயங்காலம் வரைக்கும் மறக்கமாட்டான்."

"மன்னிச்சுக்குங்க ஐயா. டிஸ்க் பழுதாயிடுச்சு. அதான் திரும்ப எடுக்கச் சொல்லுச்சு."

"பழுதுன்னா எனக்கு எதுக்கு ரெண்டு தடவை குத்தணும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, நான் திட்டுறேன், நீங்க சிரிக்கிறீங்க."

"ஒண்ணுமில்ல ஐயா. கை வலிக்குதா?"

"வலிக்காதா பின்னே" என்று கையை நீட்டிக் காட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அறிக்கை வரும்வரை முனகிக்கொண்டே என் மேஜை அருகில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து போய்விட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையைக் கடக்கும் முன் ஒரு முறை நின்று, பையிலிருந்து எடுத்துத் திரும்பவும் பார்த்துக்கொண்டார். அந்தத் தாளில் இருந்தது அவருடைய ரத்தம்தான், தம்பி. வேறு யாருடையதும் இல்லை.

அக்கா